இறங்காமல் ஏறுவது

கும்மிடிப்பூண்டியில் மேடு என்று எதுவும் கிடையாது. மழைத் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் நின்று யோசிக்கும் ஊர் அது. அங்கே தொழிற்பேட்டையில் ஒரு சிமெண்ட் அரைவை ஆலையில் இருபத்து நான்கு வருடம் பணியாளர் துறையில் அதிகாரியாக இருந்தேன். செவ்வாப்பேட்டையில் வீடு. காலையில் ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில். அவ்வளவு தூரத்திலும் என் கண்ணில் படுகிற உயரமான பொருட்களில் முக்கியமானது எங்கள் ஆலையின் கோபுரம்தான். அறுபது மீட்டர். அதைவிட உயரமான எதிலும் நான் ஏறியதில்லை. உண்மையைச் சொன்னால் அதிலும் ஏறியதில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு என் கடமை முடிந்துவிடும்.

ஆகவே, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், அதாவது 2000களின் பிற்பாதியில், ‘மலையேற்ற ஓட்டப் போட்டி’ என்ற தலைப்பில் ஒரு சுற்றறிக்கை தபாலில் வந்தபோது எனக்கும் அதற்கும் சம்பந்தம் ஏற்படும் என்று நினைக்கவில்லை. வடஆற்காட்டுப் பக்கம் ஒரு மலையில் கோடை விழா. அதை ஒட்டி மே மாதம் போட்டி. அடிவாரத்தில் புறப்பட்டு உச்சியில் போய் நிற்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, எண்ணூற்று நாற்பது மீட்டர் ஏற்றம், இரண்டு மணி நேரக் கெடு. ஏறுவதற்குத்தான் போட்டி, இறங்குவதற்கு ஜீப் உண்டு. மனிதர்களை ஏறவிட்டு, இறங்கும்போது வண்டி கொடுக்கிறார்கள் என்று படித்ததும் அரசாங்கத்தில் யாரோ ஒருவர் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. ஆண்கள், பெண்கள் இருவருக்கும் பொதுப் பிரிவு ஒன்று, தொழிற்சாலைப் பணியாளர் பிரிவு ஒன்று. ஆறு விதிகள். முறைப்படி அதை வாயில், கேண்டீன், டைம் ஆபீஸ் மூன்று இடத்திலும் ஒட்டச் சொன்னேன். எங்கள் அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் எதையும் ஒட்டுவேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

அவளை எனக்குத் தெரியும். புதுவாயலுக்குப் பக்கத்துக் கிராமம். முப்பத்து நான்கு வயது. வீட்டுக்காரர் சொந்த வயலைப் பார்த்துக்கொள்கிறார், இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்கள் ஆலையில் அவள் வேலை, மணிக்கு ஒருமுறை கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கே குழாயிலிருந்து ஒரு டப்பா சிமெண்டைப் பிடித்துக்கொண்டு வந்து கீழே ஆய்வகத்தில் கொடுப்பது. கோபுரத்தில் லிஃப்ட் உண்டு. அதற்கு உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்க ஆய்வு நடக்க வேண்டியிருந்தது. ஆய்வு நடக்க லிஃப்ட் ஓட வேண்டியிருந்தது. உரிமம் இல்லாமல் ஓடக் கூடாது. நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மற்றவர்கள் ஏறினால் உச்சியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். இவள் ஏறி இறங்கி டப்பாவை மேசையில் வைக்கும்போது ஆய்வகத்துக்காரர் முந்தைய டீயைக் குடித்து முடித்திருக்க மாட்டார்.

ஆனால் அவள் எங்கள் பணியாளர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தக்காரர் மாறுவார். ஆட்கள் அதே ஆட்கள். விண்ணப்பம் மட்டும் புதிது, சேர்ந்த தேதியும் புதிது. ஆறு வருடத்தில் அவள் மூன்று முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள், ஒரு நாள்கூட வேலையை விட்டு நிற்காமல். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல. பிசகில்லாமல் நடத்திக்கொடுத்தவன் நான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கம்பெனியின் சொந்தப் பதிவேட்டில் பெயர். அதற்கு வழி இருப்பதாக அவள் நம்பியதற்குக் காரணம் எங்கள் பொது மேலாளர். பாதுகாப்பு வார விழா மேடையில், மாலையின் கனத்தில், “கம்பெனி பேர்ல விளையாட்டுல ஒரு கப்பு கொண்டாங்க, காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் நான் பெர்மனென்ட் பண்றேன்” என்று சொல்லிவிட்டார். கூட்டக் குறிப்பு எழுதியது நான். அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் குறிப்பு தேவைப்படவில்லை.

தொழிற்சாலைப் பிரிவில் ஓட, தொழிற்சாலை தரும் சான்றிதழ் வேண்டும். அதைத்தான் கேட்க வந்திருந்தாள்.

“எழுதலாம்மா. ஆனா எழுதக் கூடாது” என்றேன்.

“ஆறு வருசமா மணிக்கு ஒருக்கா ஏறிக்கினு எறங்கிக்கினு கீறேன். இங்கதான் வேல செய்றேன்னு ஒரு வரி எய்தறதுக்கு இன்னா சார்?”

இன்னவென்று அவளுக்குச் சொல்ல முடியாது. கம்பெனி பெயர் அச்சடித்த தாளில் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் பாடம். அவர் எங்கள் ஆள் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் அந்தத் தாள் எங்களுக்கு எதிரே வந்து உட்காரும். பாராட்டுக் கடிதம் கூடாது. கல்யாண வாழ்த்து கூடாது. ஒருமுறை ஒரு இளம் மேலாளர், ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் பெண்ணைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் கொடுத்துவிட்டார். அதைத் திரும்ப வாங்க நான் அந்தப் பள்ளிக்கு நான்கு முறை நடந்தேன். பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

இருந்தாலும் அவளை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. வழி ஒன்று செய்தேன். ஒப்பந்தக்காரர் தன் தாளில் ஒரு கடிதம் தரட்டும். அதோடு எங்கள் கேட் பாஸின் நகலை இணைத்துவிடலாம். எதையும் சொல்லாமல் எல்லாம் சொன்ன மாதிரி இருக்கும். அப்போது ஒப்பந்தம் எடுத்திருந்தவர் பழவேற்காட்டில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். கேட்டதும் எழுதிக் கொடுத்தார். அழைத்துப் போக வேனும் தருவதாகச் சொன்னார். தானும் வருவாராம். ஏரியும் கடலும் பார்த்தே காலம் போய்விட்டது, மலையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்றார். சுற்றறிக்கையின் ஐந்தாம் விதிப்படி ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒரு பொறுப்பு அதிகாரியை அனுப்ப வேண்டும். பொது மேலாளர் என் பெயரை எழுதினார்.

பயிற்சிக்கு மலை இல்லை. கோபுரம் இருந்தது. எண்ணூற்று நாற்பதை அறுபதால் வகுத்தேன். பதினான்கு. மணிக்கு ஒன்றாக எட்டு முறை வேலைக்காகவே ஏறுகிறாள். ஷிஃப்ட் முடிந்ததும் தொடர்ச்சியாக ஏறிப் பழக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பதினான்கு முறை. வேலை நேரம் முடிந்தபின் உயரத்தில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் காரணம் வேண்டும். ‘படிக்கட்டின் நிலை பற்றிய ஆய்வு’ என்று எழுதினேன். அதனால் அவள் தினமும் ஆய்வு முடிவையும் எழுதித் தர வேண்டியதாயிற்று. எழுதினாள். நாற்பத்தோராம் படியில் போல்ட் இல்லை. நான்காவது திருப்பத்தில் பல்பு இல்லை. ஒரே மாதத்தில் தொழிற்பேட்டையிலேயே ஒழுங்கான படிக்கட்டு எங்களுடையது ஆயிற்று.

நேரம் பார்த்தவர் வாயில் காவலர். எல்லைக்குப் பக்கத்தில் ஆரம்பாக்கத்துக்காரர். ஆணோ பெண்ணோ எல்லோரும் அவருக்கு நைனாதான். என்னை மட்டும் சார் என்பார். ஸ்டாப் வாட்ச் வைத்த கைக்கடிகாரம் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவள் மேலே போகும்போது கோபுரத்தடியில் நின்று, லாரி டிரைவர்களைக் காக்க வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“இன்னா நைனா, மேல எதனா கல்யாணமா? சாப்ட்டு வர்ற மாரி கீது.”

“நீ ஒருக்கா ஏறி வா, பந்தி போடறேன்” என்று மேலேயிருந்து பதில் வரும்.

நான் ஒரு அட்டவணை போட்டேன். தேதி, எத்தனை முறை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். ஏப்ரல் கடைசியில் பதினான்கு முறையும் ஏறினாள். ஏறிய நேரம் மட்டும் கூட்டினால் ஐம்பத்தெட்டு நிமிடம். கெடுவோ இரண்டு மணி. காவலர் கடிகாரத்தை என்னிடம் காட்டிச் சிரித்தார். மலையை நாங்கள் கும்மிடிப்பூண்டியிலேயே ஏறி முடித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அட்டவணையின் கீழே கையெழுத்தும் போட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் வேன் புறப்பட்டது. நான், ஒப்பந்தக்காரர், அவள், அவளுக்குத் துணையாக அவளுடைய நாத்தனார். அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பறை, ஆண்களுக்கு ஒரு வகுப்பறை. காலையில் வெளியே வந்து பார்த்தேன். மலை எதிரிலேயே இருந்தது. பதினான்கு என்ற எண்ணுக்கும் அதற்கும் ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவையும் யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று கேட்டார்.

பதிவு மேசையில் ஒரு எழுத்தர். மூக்குக் கண்ணாடி, நீலம் ஒன்று சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா, அடியில் அட்டை வைத்த பதிவேடு. பார்த்ததும் தெரிந்தது, என் இனம். கேட் பாஸ் நகலைத் திருப்பிப் பார்த்தார். ஒப்பந்தக்காரரின் கடிதத்தைப் படித்தார். இரண்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

“இது காண்ட்ராக்டர் லெட்டர் சார். ஃபேக்டரி சர்டிஃபிகேட் எங்கே?”

அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கறாராகச் சொல்லியிருப்பேன். வேண்டுமானால் பொதுப் பிரிவில் ஓடலாம் என்றார். பொதுப் பிரிவுப் பெண்கள் அங்கேயே ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மலையின் ஊர்களைச் சேர்ந்தவர்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் பலாப்பழமும் விறகும் சுமந்து போய் வருகிறவர்கள். அவர்களிடமிருந்து கோப்பை வாங்குவது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும்.

“நீங்க ஆபீசர்தானே சார்? நாலு வரி எழுதி சீல் வச்சுக் குடுங்க. பின்னால ஆள் நிக்கறாங்க பாருங்க.”

 ஆறு வருடமாக என்ன கேட்க வேண்டுமோ அதை அவள் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். சுடிதாருக்கு மேலே கம்பெனி டி-ஷர்ட் போட்டு, புதுவாயல் கடையில் வாங்கிய கான்வாஸ் ஷூவோடு நின்றாள். நாத்தனார்தான் மெதுவாக, “இதுக்கா அண்ணி நாலு மணிக்கே எய்ந்து தல வாருன?” என்றாள்.

ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுதப்போவதில் அவருடைய ஆள் அவருடைய ஆள் இல்லை என்று ஆகிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

“நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன் சார். தூரத்துலேர்ந்து எனக்கு எழுத்து தெரியாது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என் பையில் எப்போதும் கம்பெனித் தாள் நான்கு, கார்பன் தாள், முத்திரை, மைப்பெட்டி இருக்கும். இருபத்து நான்கு வருடத்தில் அவசரத்துக்கு ஒரு முறையும் உதவியதில்லை. அன்று மேசையின் ஓரத்தில் வைத்து எழுதினேன். ‘இவர் எங்கள் ஆலையில் ஆறு வருடமாக மாதிரி எடுக்கும் பணியாளராக வேலை செய்கிறார்.’ கையெழுத்து, பதவி, முத்திரை. இரக்கத்தால் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சக எழுத்தர் ஒருவர் முன்னால் குறைபாடுள்ள ஆவணத்தோடு நிற்பது எனக்குத் தாங்கவில்லை என்பதும் அதில் பாதி. அசலைக் கொடுத்தேன். கார்பன் நகலைப் பழக்கத்தால் பையில் வைத்தேன்.

ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். தொழிற்சாலைப் பிரிவில் ஏழு பெண்கள். அதிகாரிகளையும் கூட வந்தவர்களையும் ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். வண்டிப் பாதை ஓட்டப் பாதையை மூன்று இடத்தில் குறுக்கே வெட்டும். அங்கெல்லாம் நிறுத்தி வேடிக்கை பார்க்கலாம்.

முதல் வெட்டில் தொழிற்சாலைப் பெண்களில் அவள்தான் முதல். அடுத்தவளைக் கண்ணுக்கே காணோம். கோபுரத்தில் எப்படி ஏறுவாளோ அதே மாதிரி, முழங்கை மடித்து, குதிகால் தரையில் படாமல் போனாள். மலைக்காரப் பெண்களில் இரண்டு பேருக்கு முன்னாலேயே போனாள். ஒப்பந்தக்காரர் கை தட்டினார். நான் மனதில் கணக்குப் போட்டேன்: மூன்று கோபுரம் முடிந்தது, பதினொன்று பாக்கி.

இரண்டாவது வெட்டில் காத்திருந்தோம். மலைக்காரப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் ஓடவில்லை. இரண்டு கையையும் முழங்கால்களில் ஊன்றி, குனிந்து, பெரிய பெரிய அடியாக நடந்தார்கள். பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் தொழிற்சாலைப் பெண்கள் ஒருத்தி, இன்னொருத்தி, மூன்றாவது ஆள். அதற்கப்புறம் அவள். முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“இன்னும் எவ்ளோ சார்?”

“ஆறு தடவை” என்றேன். அவளுக்குப் புரிகிற கணக்கு அதுதான்.

“எறங்காமயா?”

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. கோபுரத்தில் ஒவ்வொரு முறை ஏறிய பின்னும் அவள் இறங்கினாள். நான்கு நிமிடம் ஏற்றம், நான்கு நிமிடம் இறக்கம். இறக்கத்தில் மூச்சு திரும்பும், தொடை தளரும். பதினான்கு ஏற்றத்துக்கு நடுவே பதின்மூன்று இறக்கம் இருந்தது. அந்த இறக்கத்தை அட்டவணையில் நான் எழுதவே இல்லை. அது ஒரு வேலையாக எனக்குத் தோன்றவில்லை. காவலரும் இறங்கும்போது கடிகாரத்தை நிறுத்திவிடுவார். சமதரையில் பிறந்த மூன்று பேர் சேர்ந்து, திரும்பி வருவதற்கு இடமில்லாத ஒரு ஏற்றத்துக்குத் தயார் செய்திருந்தோம். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அவள் மேலே பார்த்தாள். பிறகு திரும்பி, பாதையில் கீழ்நோக்கிப் பத்தடி இறங்கினாள். நாத்தனார் ஜீப்பிலிருந்து “அண்ணி” என்று கூப்பிட்டாள். இறங்கிய இடத்தில் திரும்பி, மறுபடி ஏறி எங்களைத் தாண்டிப் போனாள். ஐம்பது அடி போனாள். திரும்பினாள். பத்தடி இறங்கினாள். மறுபடி ஏறினாள். இதில் உடம்புக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியாது. அந்த உடம்புக்கு ஆறு வருடமாக ஏறினால் இறங்க வேண்டும் என்றுதான் தெரியும். அதற்கு அவள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மீதியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வெட்டில் நடுவராக நின்றவர் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். எதிர்த்திசையில் ஓடுகிறாள், போட்டியிலிருந்து விலகிவிட்டதாக அர்த்தம், பட்டியலில் அவள் எண்ணை அடிக்கிறேன் என்று குறிப்பேட்டை எடுத்தார். நான் ஜீப்பிலிருந்து இறங்கினேன். சுற்றறிக்கை என் சட்டைப் பையில் இருந்தது. ஆறு விதியையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதையை விட்டு வெளியேறினால் நீக்கம்: அவள் பாதையில்தான் இருக்கிறாள். பிறர் உதவியைப் பெற்றால் நீக்கம்: யாரும் தொடவில்லை. பிறரைத் தடுத்தால் நீக்கம்: அவளுக்குப் பின்னால் வருபவர்கள் வெகுதூரத்தில். கெடு தாண்டினால் நீக்கம்: கெடு முடியவில்லை. மற்ற இரண்டும் பதிவு சம்பந்தப்பட்டவை. ஏறுகிறவர் நடுவில் இறங்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

“அதெல்லாம் சொல்லணுமா சார்? மலையேற்றப் போட்டி சார் இது.”

“சொல்லாததுக்காக நீக்க முடியாது. நீக்கினீங்கன்னா காரணத்தை எழுத்துல குடுங்க, மேல்முறையீடு பண்றேன்.”

எழுத்தில் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு சக்தி உண்டு. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். நான் அத்தனை வருடம் அந்த விதத் திறமையை எத்தனை பேருக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினேன்.

உச்சியில் ஒரு மைதானம், கயிறு, ஷாமியானா. மணி ஏழே முக்கால் ஆனது. கப்புகள் மேசையில் வரிசையாக இருந்தன. தொழிற்சாலைப் பெண்கள் மூன்று பேர் வந்து, துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கெடுவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அவள் தலை தெரிந்தது. கயிற்றுக்கு நாற்பதடி இருக்கையில்கூடத் திரும்பி ஐந்தடி இறங்கினாள். கூட்டம் சிரித்தது. முதலில் வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, சிரிக்காமல், அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான்காம் இடம். கப்பு மூன்று.

 திரும்பும்போது வேனில் நாத்தனார் அவள் தலையைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பொது மேலாளரின் வாக்குறுதிக்குக் கப்பு வேண்டும், அது இல்லை. அவளுடைய கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது. என் கணக்கில் முடியவில்லை, அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாலாஜா தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். நான் பையைத் திறந்து கார்பன் நகலை அவளிடம் கொடுத்தேன்.

“கப்பு வாங்காதவளுக்கு இன்னாத்துக்கு சார் காயிதம்?”

அவளுக்குச் சொன்னேன். இருபத்து நான்கு வருடமாக யாருக்கும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னேன். கம்பெனியே அவளைத் தன் பணியாளர் என்று எழுதிக் கொடுத்த முதல் தாள் அது. அசல் விளையாட்டு அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது, அங்கிருந்து யாரும் அதைத் திரும்ப வாங்க முடியாது. போட்டி முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே கம்பெனியின் பெயர் அரசாங்கச் செலவில் அச்சாகி வரும். அதிலும் ஒரு பிரதி வாங்கிக்கொள். திருவள்ளூரில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ. மனுவில் மூன்று வரிக்கு மேல் எழுதாதே. நகலைக் கொடு, இதைக் கொடுக்காதே. லேமினேட் பண்ணாதே. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உங்க வேலைக்கு இன்னா ஆவும் சார்?”

“எனக்கு இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ். என்னை வெளியே அனுப்பற நடைமுறைக்குப் பதினெட்டு மாசம் ஆகும். அதை எழுதினவனே நான்தான்.”

அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். ஒப்பந்தக்காரர் வேனில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் கையில் டீ கிளாஸ் அவ்வளவு நேராக நிற்காது.

ஜூலையில் மனு போயிற்று. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தர வேண்டும் என்று முடிவானது. அந்த மாதிரிக் கடிதங்களைத் தயாரிப்பது என் துறை. எனவே என் மீதான குற்றச்சாட்டை நானே எழுதி, இரண்டு பிழை திருத்தி, பொது மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட்டேன். பதிலில், போட்டியில் கம்பெனி பங்கேற்க விதிப்படி தேவையான சான்றிதழைப் பொறுப்பு அதிகாரி என்ற முறையில் கொடுத்தேன் என்று எழுதினேன். ஆலைக்காகப் பேசும் வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த ஒரு பெண்ணைப் பதிவேட்டில் எடுத்துக்கொண்டால் இந்தத் தாள் வெளியே போகாது, வழக்காடினால் மற்ற ஒப்பந்தத் தொழிலாளிகள் எண்பது பேரும் இதைப் படிப்பார்கள் என்றார். நவம்பரில் ஆய்வக உதவியாளராக நியமன உத்தரவு வந்தது, வேலை அதே கோபுரத்தில் மாதிரி எடுப்பதுதான். அடுத்த பாதுகாப்பு வாரத்தில் பொது மேலாளர், தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக மேடையில் சொன்னார். இந்த முறை அதைக் குறிப்பில் எழுதினேன். மற்ற எண்பது பேரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. அவர்கள் அடுத்த ஒப்பந்தக்காரரிடம் புதிதாகச் சேர்ந்தார்கள். விண்ணப்பங்களை நான்தான் சரிபார்த்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு காலையில் என் மேசைக்கு அவளுடைய விடுப்பு விண்ணப்பம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு எங்கள் ஆலையில் தற்செயல் விடுப்பு கிடையாது. வராத நாள் வராத நாள்தான். ஆகவே அது அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் விடுப்பு விண்ணப்பம். இரண்டு நாள் கேட்டிருந்தாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘மலை ஓட்டம், பொதுப் பிரிவு’ என்று எழுதியிருந்தாள். எங்கள் ஆலையில் அந்தக் கட்டத்தில் காய்ச்சல், உறவினர் மரணம் இரண்டு மட்டுமே எழுதுவது வழக்கம். அவளை வரச் சொன்னேன்.

பொதுப் பிரிவா என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்த அந்த மலைக்காரப் பெண்ணோடு ஓட வேண்டுமாம். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திராப் பக்கத்து மலைக்குப் பஸ்ஸில் போய்ப் பழகுகிறாளாம். கையை முழங்காலில் வைத்து ஏறுகிறாளாம். நாத்தனார் பாதி வழியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிடுகிறாளாம்.

காய்ச்சல் என்று மாற்றி எழுதச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளுக்குரிய பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதை நின்றபடியே முழுதாகப் படித்தாள்.

“வருசத்துக்குப் பன்னெண்டுன்னு போட்டுக்கீது. ரெண்டு போனா மீதி பத்து எதுக்கு சார்?”

“எதுக்கு வேணும்னாலும். காரணம் எழுதணும், அவ்வளவுதான்.”

தலையாட்டிவிட்டு, தாளை நான்காக மடித்து, கோபுரத்துப் பக்கம் போனாள். அடுத்த மாதிரிக்கு நேரமாகியிருந்தது.